அடுத்த வீட்டில் கொடுத்த காகிதம்

சர்க்கார் காகிதம் ஒன்று ஒருவருக்குச் சேர்ந்துவிட்டது என்று எப்போது அர்த்தம்? அவர் கையில் வாங்கினால் என்பீர்கள். அப்படியில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வரிசை இருந்தது. காகிதம் கொண்டுவருகிறவர் முதலில் உரிய ஆளைத் தேட வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்த வீட்டிலேயே குடியிருக்கும் பெண்டாட்டியிடமோ தாயிடமோ கொடுக்கலாம். வீட்டில் யாருமே இல்லையென்றால் அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளலாம். அவரும் மாட்டேன் என்றால் கொம்யூன் அலுவலகத்தில், நாங்கள் மேரி என்று சொல்லும் இடத்தில், ஒப்படைத்துவிட வேண்டும். இந்த வரிசையில் காகிதம் எங்கே நின்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது உரியவருக்குச் சேர்ந்ததாகத்தான் கணக்கு.

நல்ல சட்டம்தான். குறை சொல்ல நான் யார்? ஆனால் அதை எழுதிய மகராசனுக்குப் பங்காளி என்று ஒருத்தரும் இருந்திருக்க மாட்டார்கள். இருந்திருந்தால் அடுத்த வீட்டுக்காரரை அதில் சேர்த்திருக்கவே மாட்டான்.

வில்லியனூர் பக்கத்து உறுவையாறு கிராமத்தில் நான் வாழப்போன வீட்டுக்கு அடுத்த வீடு பங்காளி வீடு. என் மாமனாரும் அவர் தம்பியும் ஒரே வீட்டைப் பாகம் பிரித்து, நடுவே பனையோலைப் படல் கட்டிக்கொண்டவர்கள். மாமனார் நான் போவதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் கல்யாணத்தில் முதல் தாம்பூலத்தை முறைப்படி அந்தத் தம்பிக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். கல்யாணச் சந்தடியில் எங்கள் வீட்டார், மேரியிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய மனிதரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகி, அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். சின்ன மாமனார் தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பந்தலை விட்டுப் போனார். என் கல்யாணத்தோடு பிறந்த சண்டை என்பதால், அந்த வீட்டில் அதற்கும் எனக்கும் ஒரே வயது.

அடுத்த வருஷமே சின்ன மாமனார் செத்துப்போனார். எங்கள் வீட்டில் தீட்டுக் காத்தோம். என் வீட்டுக்காரர் மொட்டை அடித்துக்கொண்டார். ஆனாலும் யாரும் யாரோடும் பேசவில்லை. காரியம் முடிந்ததும் சின்ன மாமியார் நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய், ஊர் பார்க்கச் சூடம் கொளுத்தி அணைத்தாள். "அந்த வூட்டு ஆளுங்க மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசினேன்னா என் கண்ணு அவிஞ்சு போவட்டும்" என்று சத்தியம் செய்தாள். பிள்ளை இல்லாதவள். பிள்ளை மேல் சத்தியம் செய்ய வழியில்லாமல் தன் கண் மேல் செய்தாள்.

பேச்சுத்தான் நின்றதே தவிர வாய் நிற்கவில்லை. சின்ன மாமியாரிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. என் மாமியாரிடம் கோழிகள் இருந்தன. சின்ன மாமியார் படலுக்கு அந்தப் பக்கம் நின்று ஆட்டிடம் பேசுவாள். "இன்னா, வெக்கங்கெட்டவங்க வூட்டுத் தழைதான் உனக்கு இனிக்குதா?" என்பாள். என் மாமியார் இந்தப் பக்கம் கோழியைக் கூப்பிட்டு, "கொக்கரிக்கிற கோழி முட்டையிடாதுடி, தெரிஞ்சிக்க" என்பாள். பிள்ளையில்லாத ஒருத்திக்குப் போய்ச் சேர வேண்டிய சொல் அது. எனக்கே சுருக்கென்றது. ஆடும் கோழியும் பாவம், அவற்றுக்கு இவர்கள் சோறு போட்டதைவிடச் சொல் போட்டதுதான் அதிகம்.

நாளடைவில் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. படலுக்கு அந்தப் பக்கம் குரல் எழும்பினால் உடனே மாமியார் உரலில் உலக்கையைப் போட்டு இடிப்பாள், இல்லையென்றால் முறத்தைத் தட்டிக் கோழியை விரட்டுவாள். எனக்கும் உத்தரவு, உள்ளே போய்விட வேண்டும். அங்கிருந்து வருவது எதுவானாலும் வசவு என்பது தீர்மானம். வசவை முழுக்கக் காதில் வாங்குவானேன்?

என் வீட்டுக்காரர் பட்டணத்துப் பஞ்சாலையில் வேலை செய்தார். விடியற்காலையில் நடந்து போய், பொழுது சாய்ந்து நடந்து வருவார். வரும்போது தலை, காது, புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலில் கால் கழுவிவிட்டு என் முன்னால் உட்கார்ந்து முகத்தை நீட்டுவார். நான் புருவத்திலிருந்து ஒவ்வொரு இழையாக எடுப்பேன். அந்த நேரத்தில் எங்களுக்குள் பெரிய பேச்சு எதுவும் இருக்காது. "வலிக்குது" என்பார். "வலிக்கட்டும்" என்பேன். கல்யாண வாழ்க்கை என்று நான் அனுபவித்தது அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதுவே போதும் என்றும் தோன்றுகிறது. போதாது என்று தோன்றுகிற நாள்களும் உண்டு. அவைதான் அதிகம்.

ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்து ஓய்ந்தபின், எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சிலரை மட்டும் கூப்பிடவில்லை. இவரும் அந்தச் சிலரில் ஒருவர். அப்போதுதான் தொழிலாளிகளின் வழக்கைக் கேட்கப் பட்டணத்தில் ஒரு அலுவலகம் வைத்திருந்தார்கள். இவர்கள் சேர்ந்து அங்கே மனுக் கொடுத்தார்கள். விசாரணைக்கு நாள் குறித்து அவரவர் வீட்டுக்குக் காகிதம் வரும், அந்த நாளில் ஆளே நேரில் வந்து நிற்க வேண்டும், நின்றால் வேலை கிடைக்க வழியுண்டு என்று சொல்லி அனுப்பினார்கள்.

காகிதம் வரவில்லை. வயிறு காத்திருக்குமா? இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் பண்ருட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி ஒன்றில் மூட்டை தூக்கப் போனார். போகும்போது என்னிடம், "காயிதம் வந்த அன்னிக்கே ஆள் அனுப்பு. போட்டது போட்டபடி வந்துடறேன்" என்றார். நான் தெருமுனை வரைகூடப் போகவில்லை. சின்ன வயசுப் பெண்டாட்டி அப்படியெல்லாம் போய் நிற்பது வழக்கமில்லை. படலிடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்தப் பக்கம் சின்ன மாமியாரும் அவள் வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நான் எதைக் கேட்டாலும் காகிதம் வருகிற சத்தமாகவே கேட்டேன். தெருவில் நாய் குரைத்தால் வாசலுக்கு ஓடுவேன். "உன் புருஷன் காத்துல பறந்து வரப்போறானா?" என்று மாமியார் கேட்பாள். ஆனால் அவளும் எழுந்து எட்டிப் பார்ப்பாள்.

காகிதம் வந்தது, நாங்கள் இல்லாத நேரத்தில். சம்பா அறுவடை. தெருவே கழனியில் கிடந்த பகல். காகிதக்காரர் ஒருவரும், மேரியின் பித்தளை வில்லை மாட்டிய சேவகர் ஒருவரும் வந்திருக்கிறார்கள். எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டோடு இருந்த ஒன்றிரண்டு கிழவர்களும் வில்லையைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சர்க்கார் காகிதத்தைத் தொட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்பது எங்கள் ஊர் ஞானம். காலில் முள் தைத்துக் கழனிக்குப் போகாமல் இருந்தவள் சின்ன மாமியார் ஒருத்திதான். அவள் கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டாள்.

ஏன் வாங்கினாள் என்று பிற்பாடு நான் கேட்டிருக்கிறேன். "வாங்கலன்னா திருப்பி எடுத்துகினு போயிடுவேன்னான்டி. எந்தோள்ல கெடந்து வளந்த புள்ள பேரு அதுல கீதுன்றான். எப்பிடி வுடுவேன்?" என்றாள்.

வாங்கியவளிடம் காகிதக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: கைநாட்டு வைத்தவள் நீ, அந்த வீட்டு ஆள் கையில் நீதான் கொடுக்க வேண்டும், வேறு யார் கையிலும் கொடுக்கக்கூடாது. தவறினால் தன்னை ஜெயிலில் போடுவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறொருத்தரிடம் சொல்லி அனுப்பவும் மனம் வரவில்லை. ஊரைக் கூட்டிச் சத்தியம் செய்தவள், அதே வீட்டுக்காக விரல் மையாக்கிக்கொண்டாள் என்று தெரு சிரிக்குமே. காகிதத்தை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சேர்ப்பிக்க முயன்றாள். ஆட்டிடம் சொன்னாள்.

"ஏ, அந்த வூட்டுப் புள்ளைக்கு சர்க்கார் காயிதம் வந்துகீது. வந்து வாங்கிக்கச் சொல்லு."

முதல் சொல் காதில் விழுந்ததுமே என் மாமியார் உலக்கையை எடுத்தாள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் 'சர்க்கார்' என்ற ஒரு சொல் மட்டும் உலக்கைக்குத் தப்பி வந்துவிட்டது. மாமியார் கோழியைக் கூப்பிட்டாள். "கேட்டியாடி? எம்புள்ளைய சர்க்கார் புடிச்சிகினு போவணுமாம். வேண்டிக்கிறா பாரு, நாசமாப் போறவ" என்று கத்தினாள். அந்தப் பக்கம் மறுபடியும் ஆட்டைக் கூப்பிடும் குரல். அந்தக் குரலில் வழக்கமான குத்தல் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஆட்டிடம் யாராவது கெஞ்சுவார்களா? "உள்ள போடி" என்றாள் மாமியார். போனேன்.

இப்படியே எத்தனையோ நாள் போனது. ஒருநாள் காலை நான் வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். யாரோ பின்னால் வந்து நின்றார்கள். திரும்பினால் சின்ன மாமியார். காலை நொண்டிக்கொண்டு கரை இறங்கி வந்திருக்கிறாள். சுற்றிலும் பார்த்தேன், ஆடு எங்கே என்று. ஆடு இல்லை.

"இங்க பாரு, பொண்ணே" என்றாள். "உன்கிட்டதான் பேசறேன்."

நான் அந்த வீட்டுக்கு வந்து அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காகிதத்தை என் ஈரக்கையிலேயே வைத்தாள். "உன் புருஷனுக்கு வந்தது. ஆடு சொல்லும்னு பாத்தேன், சொல்லல. இனிமே என் கண்ணு போனா போவட்டும்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. கோபம் அதற்கு முன்னால் வந்தது. "இத்தினி நாளா, சின்னத்தே?" என்று கேட்டேன்.

எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அது பிரெஞ்சில் இருந்தது. இரண்டு பேரும் வில்லியனூர் மேரிக்கு நடந்தோம். அங்கிருந்த எழுத்தர் படித்துவிட்டு, "நாளை மறுநாள் காலையில நிக்கணும்" என்றார். இன்னும் நேரம் இருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே பண்ருட்டிக்குப் போய் அழைத்து வந்துவிடலாம். சின்ன மாமியார் தானும் வருகிறேன் என்றாள். "வாங்கினவ நானு. அவன் கையில குடுத்தாதான் எனக்குச் சோறு எறங்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னோம். அதாவது நான் சொன்னேன், சின்ன மாமியார் வாசலுக்கு வெளியே நின்றாள். மாமியார் உரல் மேல் உட்கார்ந்துவிட்டாள். இவளுக்குச் சத்தியம் எதுவும் தடையில்லை, வீம்பு ஒன்றுதான். கடைசியில் கோழியைத்தான் பார்த்துச் சொன்னாள்: "கூடப் போறவளப் பாத்துப் போவச் சொல்லு. கால்ல முள்ளு தைச்சிகீது." உள்ளே போய்ப் புளிச்சோற்றை மூட்டை கட்டிக் கொண்டுவந்தாள். இரண்டு பேருக்கும் காணும் சோறு.

வில்லியனூரில் ரயிலேறி, விழுப்புரத்தில் மாறிப் போனோம். வழியெல்லாம் சின்ன மாமியார் பேசிக்கொண்டே வந்தாள். அடைத்து வைத்திருந்த பேச்சு. அவர் குழந்தையில் எப்படி மண்ணைத் தின்பார், சாணி மெழுகிய தரையில் எப்படி வழுக்கி விழுந்தார் என்றெல்லாம் சொன்னாள். எனக்குத் தெரியாத ஒருவரை எனக்குக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அவரைப் பார்த்ததும் இன்ன இன்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் முதலில் ஏச வேண்டும் என்று நினைத்தேன். இளைத்திருப்பார், சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

மண்டியில் அவர் இல்லை. கங்காணி ஒருவனோடு, மலாய் தேசத்து ரப்பர் தோட்டத்துக்கு என்று நாகப்பட்டினம் போய்விட்டார். போய் நான்கைந்து நாளாகிறது, கப்பல் போயிருக்கும் என்றார்கள். கூட மூட்டை தூக்கிய ஒருவர் எங்களை நிழலில் உட்காரவைத்துச் சொன்னார்: "தெனம் கேப்பாரும்மா, ஊர்லேருந்து ஆள் வந்துச்சான்னு. அப்புறம் ஒருநாள், இனிமே காயிதம் வராதுன்னு அவரே சொல்லிகினாரு. மறுநாளே பேர் குடுத்துட்டாரு."

அவர் அப்படிச் சொல்லிக்கொண்ட நாளில் அந்தக் காகிதம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு படல் தூரத்தில், அரிசிப் பானைக்குள் இருந்தது.

குறித்த நாளில் நான் பட்டணத்துக்குப் போனேன். சும்மா இருக்க முடியவில்லை. சின்ன மாமியாரும் வந்தாள். விசாரிக்கிற பிரெஞ்சுத் துரைக்கும் எங்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்கிற ஒருவர் இருந்தார். பெண்டாட்டி நிற்கக்கூடாது, ஆளே நிற்க வேண்டும் என்றார். "அவரு கைக்குக் காயிதமே வரலைங்க" என்றேன். அவர் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு கைநாட்டு. "அடுத்த வூட்டுல குடுத்தாச்சு. சேர்ந்தாச்சு" என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. சேர்ந்தாச்சு என்றால் ஆளைக் காட்டு என்று சத்தம் போட்டேன். வெளியே போகச் சொன்னார்கள். சின்ன மாமியார் மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரரோடு மனுக் கொடுத்தவர்களை அந்த வாரமே ஆலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

மலாய் தேசத்திலிருந்து கடிதம் வந்தது. நடந்ததையெல்லாம் எழுதினேன். ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுகிறேன், சின்னம்மாவை யாரும் திட்டாதீர்கள் என்று எழுதியிருந்தார். ஒப்பந்தம் முடிகிற வருஷம் வந்ததும், இன்னும் ஒரே ஒரு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்று எழுதினார். அந்த ஒரு வருஷத்துக்குள் உலகச் சண்டை அங்கேயும் வந்துவிட்டது. கடிதம் நின்றது. நின்றது நின்றதுதான்.

நான் அவரைத் தேடினேன் என்று சொல்ல மாட்டேன், எங்கே போய்த் தேடுவது? ஏங்கினேன். அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் என் விரல்கள் சும்மா இருக்காது. முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருக்கும். கண்ணெதிரே ஒரு முகம் இல்லாமல் அந்த நேரத்தைக் கடத்துவது இத்தனை வருஷமாகியும் எனக்குப் பழகவில்லை. பழகிவிடும் என்று சொன்னவர்கள் எல்லாம் புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னவர்கள்.

மாமியார் மகனுக்காகக் காத்திருந்தே செத்துப்போனாள். சாவதற்குக் கொஞ்சநாள் முன்பு கோழியை விட்டுவிட்டுச் சின்ன மாமியாரிடம் நேராகப் பேசினாள். "வெத்தல இடிச்சிக் குடுடி" என்றாள். அவ்வளவுதான் சமாதானம். சின்ன மாமியாருக்குக் கண்ணில் பூ விழுந்து, ஆள் நிழலாகத்தான் தெரிந்தது. "எல்லா கெழவிக்கும் வுழறதுதான்" என்று நான் சொல்வேன். "சத்தியம் பலிச்சிது, பலிக்கட்டும்" என்பாள். ஒரு மழைக்காலத்தில் படலைப் பிரித்து அடுப்பெரித்துவிட்டு, அவளை என்னோடு வைத்துக்கொண்டேன்.

உலகச் சண்டை முடிந்தபின் ஒருநாள் பிற்பகல், வேறொரு காகிதக்காரர் வந்தார். சின்ன வயசு, சைக்கிளில் வந்தார். ஆலையில் பழைய ஆட்களின் வழக்குகளை மறுபடி எடுத்திருக்கிறார்களாம். என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, அவர் வீடு இதுதானா என்றார். ஆமாம் என்றேன். நீங்கள் யார் என்றார். சம்சாரம் என்றேன்.

"அவரு இங்கதான் குடியிருக்காரா?"

என் விரல்கள் முந்தானை நூலைப் பிரித்தன. அவர் நல்ல பிள்ளை, பொறுமையாக விளக்கினார். "இருக்காருன்னா உங்ககிட்ட குடுத்துட்டுப் போயிடுவேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்கம்மா. ஆள் இருக்கிற எடம் தெரியலன்னு எழுதி மேரியில ஒட்டிடுவோம். அப்பறம் இந்த வூட்டுக்கு அவரு பேர்ல எதுவும் வராது" என்றார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த சின்ன மாமியார் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"இங்கதான் இருக்காரு" என்றேன்.

"கூப்புடுங்களேன், அவர் கையிலயே குடுத்துடறேன்."

"வெளியில போயிருக்காரு."

அவர் பேனாவைத் திறந்துகொண்டு, எப்போது வருவார் என்று கேட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவாரு" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.